டென்மார்க் திகதி

ஒரு மருந்து எப்போது மலியும் என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குப் பொல்லாத கோபம் வரும். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் என்னைத் தெரிந்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கோயிலில் அருச்சனைத் தட்டோடு நிற்கும்போதுகூட ஒருவர் கிட்ட வந்து, "தம்பி, அந்தப் பிரஷர் குளிசை எப்ப மலியும்?" என்பார். நானும் பெரிய மேதாவிபோல நாடும் மாதமும் சொல்லி அனுப்புவேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

என் வேலை அப்படி. ரொறன்ரோவின் வடக்கே ஒரு மருந்துக் கொம்பனி. மற்றவர்கள் கண்டுபிடித்த மருந்தை, அவர்களுடைய காப்புரிமை முடிந்த மறுநாள் மலிவாகச் செய்து விற்கிற கொம்பனி. ஐரோப்பாவில் பல நாடுகளில் காப்புரிமை இருக்கும்வரை இன்னொருவர் அந்த மருந்தை ஆயத்தத்துக்காகச் செய்து பார்ப்பதே வில்லங்கம். கனடாவில் அதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே ஐரோப்பாவில் விற்கப்போகும் குளிசைகளை எங்கள் கட்டடத்தில் செய்து, சோதித்து, நாள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த நாளைப் பார்த்துச் சொல்வதுதான் என் உத்தியோகம்.

மேசையில் ஒரு நீண்ட அட்டவணை. இடப்பக்கம் மருந்துகள், மேலே நாடுகள். காப்புரிமை என்பது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இருபது வருடம். அதில் பாதி, மருந்தைச் சோதித்துப் பதிவு செய்வதிலேயே போய்விடும். அதைவிட இன்னொரு பூட்டும் உண்டு. முதலில் பதிந்தவர் கொடுத்த பரிசோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு மற்றவர் பதிவு கேட்க முடியாத காலம். அது டென்மார்க்கில் ஆறு வருடம், ஜேர்மனியில் பத்து. பக்கத்துப் பக்கத்து நாடுகள், அதே குளிசை, அதே வியாதி. இந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஆறு, அந்தப் பக்கம் நிற்பவனுக்குப் பத்து. இரண்டு பூட்டும் திறந்தால்தான் மலிவு மருந்து கடைக்கு வரும். இந்தக் கூத்தையெல்லாம் நான் ரசித்துச் செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெட்டியில் சரியான திகதியை எழுதிவிட்டால் ஏதோ நானே மருந்து கண்டுபிடித்ததுபோல ஒரு எண்ணம்.

என் தங்கச்சிக்குப் பதினேழு வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள். முதலில் கொடுத்த பழைய மருந்து வலிப்பை நிறுத்தியது. ஆனால் பல்முரசு வீங்கிப் பல்லையே மூடத் தொடங்கியது, முகத்தில் மயிர் அரும்பியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு நகரத்துக்குள் இருந்த ஒரு நரம்பு வைத்தியர் புதிய குளிசைக்கு மாற்றினார். அது அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. முரசு வற்றியது. இரண்டு வருடம் ஒரு வலிப்பும் இல்லை. விலை மட்டும் ஆனை விலை. அதை நான் வாங்கிக் கொடுத்தேன். அப்பா இல்லாத வீடு, எனக்கும் அப்போது கலியாணமாகவில்லை, அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பனி கரைகிற காலத்தில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியது. பெடியன் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அஜக்ஸில் வீடு பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பத்துக்கே மருந்துச் செலவைக் கொம்பனி கொடுக்கும் என்று பேச்சுக்கால் கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார். அவர் படி இறங்கியதும் அம்மா மோர்னிங்சைட் அப்பார்ட்மென்றின் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது. கொம்பனியிட்டக் காசு கேக்கிற பேப்பரில மருந்தின்ர பேர் விழுந்திடும். அவன் கையெழுத்து வைக்கேக்க உதென்ன எண்டு கேப்பான்."

"அப்ப முதலே சொல்லிப்போடுவம், அம்மா."

"சொன்னா ஆர் எடுப்பினம்? நீ எடுப்பியோ? நெஞ்சில கைவச்சுச் சொல்லு பாப்பம்."

நான் வந்தவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"இப்ப அவளுக்கு ஒண்டும் இல்லைத்தானே. கலியாணம் முடியட்டும். ஒரு பிள்ளையும் கிடைச்சிட்டால் ஆறுதலாச் சொல்லலாம்."

தங்கச்சி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். "நான் இஞ்சதான் நிக்கிறன். மாடு விக்கிற மாதிரிக் கதையாதேங்கோ" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுடைய படத்தை அவள் இரண்டு தரம் எடுத்துப் பார்த்ததை நானும் கண்டேன்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். கலியாணத்துக்குப் பிறகும் மருந்தை நானே வாங்கித் தருகிறேன், இரண்டு வருடம்தான், டென்மார்க்கில் காப்புரிமை முடிகிறது, ஆறு வருடப் பூட்டும் அதற்கு முன்பே திறந்துவிடும், அங்கே இருக்கும் எங்கள் பெரியண்ணை மலிவாக வாங்கி, வருகிறவர் போகிறவரிடம் கொடுத்து அனுப்புவார் என்றேன். கனடாவில் அது இன்னும் தூரம், அப்போதுதான் இங்கே சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். அம்மா, "எப்ப?" என்று கேட்டார். நான் மாதம் மட்டுமல்ல, நாளும் சொன்னேன். அவர் அதைப் பஞ்சாங்கத்தில் பார்த்த நாளைப்போலப் பிடித்துக்கொண்டார். அந்த நாள் இல்லாவிட்டால் அந்தக் கலியாணத்தை அவர் அவ்வளவு துணிந்து பேசியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஐரோப்பாவில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. சோதனையில் கழிந்த வருடங்களுக்கு ஈடாக, காப்புரிமை முடிந்த பிறகும் ஐந்து வருடம்வரை கூட்டிக் கொடுக்கும் ஒரு சான்றிதழ். நாட்டுக்கு நாடு தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கனவே கடையில் இருந்த மருந்துகளுக்கு விண்ணப்பம் போட ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாள் சொன்னேன். இந்தச் சின்ன மருந்துக்காக அந்தச் சின்ன நாட்டில் யார் மினக்கெடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆறு மாதம் முடியும்வரை பொறுத்து, பார்த்துச் சொல்லியிருக்கலாம். பொறுக்கவில்லை.

கோடையில் கலியாணம் நடந்தது. கலியாண வேலைக்குள்ளும் நான் செய்த முக்கியமான வேலை, ஒரு வைட்டமின் போத்தலை வெறுமையாக்கி அதற்குள் அவளுடைய குளிசைகளைப் போட்டுக் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு மாதம் ஒரு போத்தல். மருந்துக் கொம்பனியில் வேலை செய்கிற தமையன் தங்கச்சிக்கு வைட்டமின் கொண்டுவருவதில் யார் குற்றம் காணப்போகிறார்கள்? மச்சான் நல்ல பெடியன். அதிகம் கதைக்க மாட்டான். நான் போனால் காரில் வந்த களைப்புத் தெரியும் என்று உடனே சோடா எடுத்து நீட்டுவான். "அண்ணை, இருங்கோ, சாப்பிட்டுப் போகலாம்" என்பான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். போத்தலை அவளிடம் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று ஓடிவிடுவேன்.

அந்தப் பனிமாரியில் நான் சனி ஞாயிறுகளிலும் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். ஒருநாள் போத்தலோடு போனவன், அவள் கறியைச் சூடாக்குவதற்கிடையில் கதிரையில் இருந்தபடி நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது அவள் முன்னால் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னண்ணை, கண்ணாடியில முகத்தைப் பாக்கிறனியோ? செத்த மீன்மாதிரி இருக்கு."

"அலட்டாமல் சோத்தைப் போடு."

அடுத்த மாதமே அவள் சொன்னாள், வைத்தியர் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம், இனி ஒரு போத்தல் இரண்டு மாதத்துக்குக் காணுமாம். நான் நம்பினேன் என்று எழுத வருகிறது. அது பொய். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகிறது என்று சந்தோசப்பட்டேன். வைத்தியரின் கடதாசியைக் காட்டு என்று ஒரு சொல் கேட்கவில்லை. அட, ஒரு மருந்துக்கு எத்தனை நாட்டில் எத்தனை கடதாசி என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறவன் நான்!

காப்புரிமை அறிவித்தல்கள் வரும் டென்மார்க் வர்த்தமானியின் பிரதி என் மேசைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பாசை எனக்குத் தெரியாது. எண்களை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவளுடைய மருந்தின் காப்புரிமை எண் ஒரு பட்டியலில் கிடந்தது, பக்கத்தில் ஒரு புதிய திகதி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெரியண்ணைக்கு ரெலிபோன் எடுத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். அவர் ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்து அந்தப் பாசையைப் பழகியவர்.

"சேர்ட்டிபிக்கற் குடுத்திருக்கு எண்டுதான் போட்டிருக்கு" என்றார்.

"எந்த வருசம் மட்டும்?"

"அதுதான் நீ வாசிச்சியே."

நான்கு வருடத்துக்கு மேல் கூடியிருந்தது. அட்டவணையில் பழைய திகதியை அழித்துப் புதியதை எழுதினேன். எங்கள் பகுதியின் மேலாளர் எட்டிப் பார்த்து, நல்ல காலம் நேரத்தோடு கண்டுபிடித்தாய், இல்லாவிட்டால் வீணாகச் செய்து குவித்திருப்போம் என்று பாராட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது அட்டவணையில் ஒரு பெட்டி.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். "அவளுக்கு இப்ப சொல்லாதை. யோசிச்சு யோசிச்சே வலிப்பு வந்திடும்" என்றார். எனக்கும் அதுதான் வசதி. இரண்டு மூன்று மாதம் இழுத்தேன். ஆனால் ஒருநாள் அஜக்ஸில் தண்ணீர் குடிக்க அலுமாரியைத் திறந்தபோது, வைட்டமின் போத்தலுக்குப் பின்னால் ஒரு பிலிம் டப்பா இருந்தது. உள்ளே பாதிக் குளிசைகள். மரக்கறிக் கத்தியால் வெட்டியவை. சிலது பாதியாக விழாமல் தூளாகியிருந்தது. அளவைப் பாதியாகக் குறைக்கிற வைத்தியர் குளிசையைக் கத்தியால் வெட்டச் சொல்ல மாட்டார், சின்னக் குளிசை எழுதிக் கொடுப்பார். அந்தச் சின்னக் குளிசை இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மச்சான் வேலையால் வரவில்லை. அவளைக் கூப்பிட்டு டப்பாவை மேசையில் வைத்தேன்.

"உது ஆற்ற வேலை?"

"என்ர வேலைதான். அந்த நாள் வருமட்டும் இழுக்கத்தானே. இனி ஒரு வருசம். ஒண்டும் வரேல்லை, பார்."

"விசரே உனக்கு? ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"நீ ஆரைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனனி?"

அந்தக் கோபத்தில் நான் போட்டு உடைத்தேன். அந்த நாள் இனி இல்லை, நான்கு வருடம் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப பாதியை இனிக் காலாக்க வேண்டியதுதான்."

எனக்குக் கையை ஓங்க வந்தது, சத்தியமாக. மச்சானிடம் இன்றைக்கே சொல்லப்போகிறேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்தாள். "சின்னண்ணை, அம்மாவாணை சொல்லாதை. ஒரு வருசமா அவர் பக்கத்தில படுத்திருக்கிறன். இப்ப சொன்னால் பொய்க்காரி எண்டுதான் நினைப்பார், வருத்தக்காரி எண்டு நினைக்கமாட்டார்." அவள் அழுததை நான் பார்த்தது குறைவு. நான் விட்டுவிட்டேன். பதிலுக்கு அவள் முழுக் குளிசை போடுவதாகச் சத்தியம் செய்தாள். நான் மறுபடி மாதம் ஒரு போத்தல் கொடுக்கத் தொடங்கினேன். போகும்போதெல்லாம், "முழுசாத்தானே போடுறாய்?" என்று கேட்பேன். "ஓம் ஓம், பொலிஸ்காரர்" என்பாள்.

அடுத்த மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, மச்சான் பின்னேரம் மூன்று மணிக்கு வேலையால் வந்து குளியலறைக் கதவைத் தட்டியிருக்கிறான். தண்ணீர் கதவுக்கு வெளியே வந்திருந்தது. தொட்டிக்குள் இருக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. அதற்கு மேல் அதை எழுத என்னால் ஏலாது.

நானும் அம்மாவும் போனபோது பொலிஸ் நின்றது. பிறகு மரண விசாரணை வைத்தியர் வந்தார். அவளுக்கு ஏதாவது வியாதி இருந்ததா என்று கேட்டார். அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார். அந்த வேளையிலும்! நான் வாயைத் திறக்கமுன், சுவரோடு நின்ற மச்சான் ஆங்கிலத்தில், அவளுக்கு வலிப்பு இருந்தது என்றான். எங்கள் பக்கம் திரும்பாமல், மருந்தின் பெயரையும் சரியாகச் சொன்னான். அம்மாவின் கை என் சட்டையை விட்டுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள் அம்மா அவளுடைய சேலைகளை எடுத்து அடுக்கினார். கூறைச் சேலைக்குக் கீழே மூன்று வைட்டமின் போத்தல்கள் இருந்தன. மூன்றும் நிரம்பியிருந்தன. நான் கொடுத்தவை. அவள் பாதியைப் போட்டுக்கொண்டு மற்றப் பாதியை அந்த நான்கு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறாள். அம்மா அவற்றை ஒரு கடைப் பையில் போட்டு என் கையில் தந்தார். "அவனுக்குக் காட்டாதை" என்றார். நான் கொண்டுபோனேன். எங்கே எறிந்தேன் என்று சொல்லப் பிடிக்கவில்லை.

பனி விட்ட பிறகு ஒருநாள் மச்சான் என்னைத் தேடி வந்தான். மெலிந்துபோயிருந்தான். கையில் விசாரணை அலுவலகத்திலிருந்து வந்த கடித உறை. அம்மா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம்.

"எனக்கு முதல் மாசமே தெரியும் அண்ணை" என்றான். "விடியக்காலமை ஒருநாள் வந்தது. சின்னனாத்தான். அவளுக்கே தெரியாது. அடுத்தநாள் போத்தலைத் திறந்து ஒரு குளிசையை எடுத்துக்கொண்டுபோய் மருந்துக்கடையில கேட்டன்."

"ஏன் தம்பி ஒண்டும் கேக்கேல்லை?"

"அவளாச் சொல்லட்டும் எண்டு இருந்தன். கேட்டால், பிடிச்சுப்போட்டன் எண்டு நினைப்பாள். உங்களட்டையும் ரெண்டு மூண்டுதரம் கேக்க வந்தனான். நீங்கள் நிக்கமாட்டியள், ஓடிப்போடுவியள்." மூக்கைத் துடைத்தான். "என்ர வேலையில மருந்து முழுக்கத் தருவாங்கள். ஒரு கையெழுத்துத்தான். ஆனா அண்ணை மருந்துக் கொம்பனியில இருக்கிறார், அவருக்குக் கஷ்டமில்லாமல் கிடைக்கும், அவள் குறையில்லாமல் போடுறாள் எண்டு நினைச்சன்."

அவன் உறையைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தான். இரத்தப் பரிசோதனை. அவளுடைய மருந்தின் பெயருக்கு நேரே ஒரு எண். எவ்வளவு இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

"இது எனக்கு விளங்கேல்லை. மருந்து இருந்தது எண்டு தெரியுது. இது சரியான அளவோ அண்ணை? குடும்ப டொக்டரட்டக் கேக்கலாம், ஆனா உங்களுக்குத்தான் இந்த மருந்து நல்லாத் தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த மருந்தின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் நான். அந்த எண் இருக்கவேண்டியதில் அரைவாசிகூட இல்லை.

"ஓம் தம்பி" என்றேன். "சரியான அளவுதான்."

அவன் கடதாசியை மடித்து உறைக்குள் வைத்தான். முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"அப்ப மருந்துக்கும் கேக்காமல்தான் வந்திருக்கு. எங்களால ஒண்டும் செய்திருக்கேலாது, என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன். "ஒண்டும் செய்திருக்கேலாது."